ஆடியில் வந்த ஆம்புலன்ஸ்

என் கணவருக்கு முட்டிக்குக் கீழே இரண்டு கால்களும் இல்லை. சர்க்கரை எடுத்துக்கொண்டது. அது போதாதென்று சிறுநீரகத்தையும் தின்றது. அப்புறம் ஒரு ஸ்ட்ரோக் வந்து இடுப்பைத் தளர்த்திவிட்டது. உட்காரவைத்தால் சாய்ந்து விழுவார். ஆகவே அவரை எங்கே கொண்டுபோவதென்றாலும் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். முதல் நாளே நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, ஒரு தடவை மிஸ் பண்ணா கஷ்டம். ரெண்டு தடவை மிஸ் பண்ணா டேஞ்சர். பார்த்துக்குங்க" என்று சொல்லியிருந்தாள். உடம்பில் தண்ணீர் சேர்ந்து மூச்சை அடைக்குமாம், இதயத்தைக் கெடுக்குமாம். பார்த்துக்குங்க என்று சொல்வது சுலபம்.

நாங்கள் இருந்தது சந்தர் ரோட்டில், தேக்கா மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில். பக்கத்து டயாலிசிஸ் நிலையத்தில் இடம் இல்லை, கேலாங்கில்தான் கிடைத்தது. கூட்டிப்போகக் கூட்டிவர எங்கள் வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் ஆம்புலன்ஸ் வரும். அரசாங்க ஆம்புலன்ஸ் உயிர் ஊசலாடும்போது மட்டும்தான் வரும். தனியார் வண்டியை வாரத்துக்கு மூன்று நாள் வைத்துக்கொள்ள எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எங்களைப் போன்றவர்களுக்குச் சங்கத்து வண்டிதான் கதி.

அந்த வண்டிகளின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மூன்றே மூன்று. ஏசி போட்டால் தண்ணீர் சொட்டும், போடாவிட்டால் வேர்க்கும். பின்கதவை இரண்டு தடவை அறைந்து சாத்த வேண்டும். ஓட்டுநர் பாய், நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், கடல் தாண்டி வந்து மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர். தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர்கள் மயங்கி விழுந்தால் தூக்கிப்போக இதே வண்டியோடு டோபி காட் பக்கம் விடியற்காலையிலிருந்து நிற்பார். "இந்த வண்டியில ஏறினா நோயாளிக்கு முதல்ல வண்டி மேலதான் பரிதாபம் வரும்" என்பார் என் கணவர். "வண்டியைத் திட்டாதீங்கண்ணே, அதுக்குக் காது கேக்கும், வழியில நின்னுடும்" என்பார் பாய்.

ஆனால் அந்த ஓட்டை வண்டியில் ஒரு நல்லது இருந்தது. ஸ்ட்ரெட்சருக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு பெஞ்ச். நான் அதில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேலாங் வரை பேசிக்கொண்டே போவேன். பேச்சென்ன பேச்சு, பெரும்பாலும் சண்டைதான். தண்ணீர் குடித்ததற்கு, ஊறுகாய் கேட்டதற்கு, மருமகனை முறைத்ததற்கு.

எதிர் பிளாக்கில் ஓர் அக்கா இருந்தார். எங்கள் இருவருக்கும் மூத்தவர். இடுப்பெலும்பு உடைந்து சரியாகக் கூடாததால் அவருக்கும் ஸ்ட்ரெட்சர்தான், அவருக்கும் அதே கேலாங்தான். காலை நேரம் அவருடையது. அவரைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வண்டி என் கணவரை ஏற்றிக்கொள்ளும். கார்பார்க்கில் இருவரும் மல்லாந்து படுத்த வாக்கில் சந்திப்பார்கள். முகம் பார்க்க முடியாது. வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேச்சு.

"என்ன தம்பி, இன்னும் இருக்கியா?" என்பார் அக்கா.

"நீங்க போகாம நான் எப்படிக்கா போறது? வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல லா" என்பார் இவர்.

இது ஒவ்வொரு தடவையும் நடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேருக்கும் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று கத்துவேன். அவர்கள் சிரிப்பார்கள்.

பழைய வண்டிகளின் பதிவு முடியப்போகிறது, வயது முடிந்த வண்டியை இந்த ஊரில் சாலையில் விடமாட்டார்கள் என்று ஒரு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சங்கம் ஊரெல்லாம் நன்கொடை திரட்டியது. சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரர்கள் கொடுத்தார்கள், பள்ளிவாசலில் கொடுத்தார்கள், நான்கூட என் சக்திக்குக் கொடுத்தேன். புத்தம்புது ஆம்புலன்ஸ் மூன்று வந்து இறங்கியதாக பாய் போனில் படம் அனுப்பினார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. என் கணவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஏசி சொட்டாதுல்ல என்று கேட்டார்.

பழைய மூன்றும் பதிவு ரத்தாகி உடைக்கிற இடத்துக்குப் போயின. மறுநாள் செவ்வாய்க்கிழமை. நான் அவருக்கு முகம் துடைத்து, சட்டை மாற்றி, எல்லாம் தயாராக வைத்துவிட்டு பாய்க்குப் போன் போட்டேன்.

"அக்கா, வண்டி வராது" என்றார்.

"ஏன், ரிப்பேரா? அதுக்குள்ளயா?"

"ரிப்பேர் இல்லக்கா. ஆடி பொறந்துடுச்சு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆடி பிறந்தால் என்ன? அப்புறம்தான் உறைத்தது. ஆடியில் புது வண்டி எடுக்க மாட்டார்கள். நம்மவர்கள் யாரும் எடுக்க மாட்டார்கள். என் மருமகனே புதுக் காருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆடி முடியட்டும் என்று காத்திருந்து எடுத்தவன்தான். எங்கள் மகள் கல்யாணத்துக்கு நானும் ஆடியைத் தள்ளித்தான் நாள் பார்த்தேன். அதில் தப்பொன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய வண்டி என்றைக்குப் போகும் என்று சங்கத்துக்கு ஒரு வருடமாகத் தெரியும். புது வண்டி என்றைக்கு வரும் என்பதும் தெரியும். நடுவில் ஆடி விழுகிறது என்பதை மட்டும் காலண்டரைப் புரட்டிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. திறப்பு விழாவை ஆவணி முதல் தேதிக்கு வைத்துவிட்டார்கள். உட்கார முடிகிற நோயாளிகளுக்கு வீல்சேர் டாக்சி ஏற்பாடு. படுத்தே போகிறவர்களுக்கு, "கொஞ்சம் சமாளிச்சுக்குங்கம்மா."

ஒரு மாதம் எப்படிச் சமாளிப்பது? சிறுநீரகத்துக்கு ஆடி, ஆவணி தெரியுமா?

அந்தச் செவ்வாய்க்கு மகள் தனியார் ஆம்புலன்ஸ் பிடித்துக் கொடுத்தாள். வியாழனுக்கு எந்தக் கம்பெனியிலும் வண்டி இல்லை. எல்லாம் முன்கூட்டியே புக் ஆகிவிட்டது என்றார்கள். மருமகன் செங்காங்கிலிருந்து காரை எடுத்துக்கொண்டு லீவு போட்டு வந்தான். நல்ல பிள்ளை. இவரைத் தோளில் போட்டு லிஃப்டில் இறக்கி, காரின் பின்ஸீட்டில் படுக்கவைக்கப் பார்த்தான். அவர் கனத்த உடம்பு. பாதி உள்ளே, பாதி வெளியே. இவர் வலியில் அலறினார். காலை எடுத்த இடத்துக் காயத்திலிருந்து ரத்தம் வந்தது. அக்கம்பக்கத்தார் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் மருமகன் சட்டையைப் பிடித்து இழுத்து, விடு, மேலே கொண்டுபோ என்றேன். அவன் கண்ணில் தண்ணீர். "சாரி அத்தை" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுக்கு என்ன சாரி, யார் சொல்ல வேண்டிய சாரி அது.

வியாழன் போயிற்று. மறுநாள் ஆடி வெள்ளி. தேக்காவே மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், வரிசை தெரு வரைக்கும் நின்றது. நான் கூழ் வாங்கவில்லை. குங்குமம் மட்டும் வாங்கிவந்து அவர் நெற்றியில் வைத்தேன். அவர் முகம் ஊதியிருந்தது. தலையணையை உயர்த்தி உயர்த்தி வைத்தும் மூச்சு இழுத்தது.

சனிக்கிழமையும் வண்டி கிடைக்கவில்லை. மதியம் அவர் உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. அவசர நம்பர் ஒன்பது ஒன்பது ஐந்துக்கு அடித்தேன். அரசாங்க ஆம்புலன்ஸ் நான் செருப்பு மாட்டுவதற்குள் வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வந்த பிள்ளைகள் தங்கம். ஆக்ஸிஜன் வைத்து, லிஃப்டில் சாய்த்து இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு பெண், நம்ம தமிழ்ப் பிள்ளைதான், போகிற வழியில் மெதுவாகக் கேட்டாள். "ஏன் ஆன்ட்டி டயாலிசிஸ் மிஸ் பண்ணீங்க?"

ஆடி மாசம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வண்டி கிடைக்கல என்றேன்.

"டயாலிசிஸுக்கு எங்களைக் கூப்பிட முடியாது ஆன்ட்டி. இப்படி ஆனாதான் நாங்க வர முடியும்" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இப்படி ஆகாமல் இருக்கத்தானே ஊரெல்லாம் பிச்சையெடுத்து வேறு மூன்று வண்டி வாங்கினோம்.

ஆஸ்பத்திரியில் அன்றிரவே மெஷின் போட்டார்கள். காலையில் டாக்டர் வந்து, இதயம் ரொம்ப பலவீனம், இனிமேல் ஒரு தடவைகூடத் தவறக்கூடாது என்றார். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம், செவ்வாய்க்கிழமை வழக்கம்போல கேலாங்குக்குப் போங்கள் என்றார். வழக்கம்போல.

அன்று ஞாயிறு. மகளை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நேரே சங்கத்துக்குப் போனேன். முதல் நாள் கட்டின சேலை, குளிக்கவில்லை, தலை வாரவில்லை. ஒரு பழைய பிளாக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அலுவலகம். பக்கத்துக் கார்பார்க்கில் புது வண்டிகள் மூன்றும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றன. உள்ளே கமிட்டிக் கூட்டம். திறப்பு விழாவுக்குக் கேசரி வைப்பதா, லட்டு வைப்பதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தியமாக அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு வண்டி வேணும்" என்றேன்.

தலைவர் எழுந்து நாற்காலி போட்டார். கெட்ட மனிதர் இல்லை. பெயிண்ட் வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர், வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்டவர். அவருக்கும் கண்ணில் தூக்கம் இல்லை.

"உக்காருங்கம்மா. உங்க கஷ்டம் புரியுது."

"புரிஞ்சா சாவியைக் கொடுங்க."

"ஆடியிலம்மா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஏதோ ஜம்பத்துக்குச் சொல்லல. அதுல ஏறப்போறவங்க எல்லாம் ஏற்கனவே முடியாதவங்க. ஆடியில புது வண்டியை எடுத்து, முதல் சவாரியில ஒருத்தருக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா? அந்த வண்டியில அப்புறம் யாரு ஏறுவா? பத்து வருஷம் ஓடணும்மா அது. பெரிய நன்கொடை கொடுத்தவரும் ஒத்துக்கமாட்டார். அவங்க அப்பா பேரு அதுல இருக்கு."

"ஏறாததுனாலதான் இப்ப ஒண்ணு ஆகியிருக்கு. போய்ப் பாருங்க, ஆஸ்பத்திரியில கெடக்கார்."

நான் விடவில்லை. "ஆடி அம்மன் மாசம்தானே? அவளே தேரு ஏறி வெளிய வர்ற மாசத்துல ஒரு ஆம்புலன்ஸ் வெளிய வரக் கூடாதா? அவ கோவிச்சுக்குவாளா? வாங்க, கோயிலுக்குப் போவோம், அவகிட்டயே கேட்போம்" என்றேன். ஒருவர், வாதம் பண்ணாதீங்கம்மா என்றார். வாதமில்லை ஐயா, என் புருஷனுக்கு மூச்சு வேணும் என்றேன். அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அழுதேன். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாவி கொடுக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அவர்கள் கேசரி பேசுகிறதென்றால் என்னைச் சுற்றி உட்கார்ந்து பேசட்டும்.

கடைசியில் தலைவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியில் நன்கொடையாளரின் அப்பா பெயர் எழுதியிருக்கும் இடத்தைப் பழுப்புத் தாள் ஒட்டி மறைத்துவிடுவது. பேர் தெரியாவிட்டால் அது திறப்பு ஆகாது. ஸ்ட்ரெட்சர் விரிப்பை மட்டும் பிரித்துக்கொள்ளலாம். மற்ற ஸீட்டுகளின் பிளாஸ்டிக்கை ஆவணிப் பூஜைக்கு முன் கழற்றக் கூடாது, ஆள் உட்காரக் கூடாது.

"இது சவாரின்னு கணக்கு இல்லம்மா" என்றார். "டெஸ்ட் டிரைவ்."

டெஸ்ட் டிரைவோ மண்ணாங்கட்டியோ, வண்டி வந்தால் சரி என்று எழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை பாய் வந்தார். வண்டியின் விலாவில் பழுப்புத் தாள், நாலு பக்கமும் டேப். என் கணவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு குரல் மெலிந்திருந்தது. ஆனாலும் ஸ்ட்ரெட்சரில் படுத்துக்கொண்டு கண்ணைச் சுழற்றி வண்டியைப் பார்த்தார்.

"காயம் பட்டிருக்கா இதுக்கு, பிளாஸ்திரி போட்டிருக்கு?" என்றார். பாய் சிரிக்க முயன்றார்.

அப்புறம் இவர் என்னிடம், "எலுமிச்சம்பழமாவது வை. எதுக்கு வம்பு" என்றார். கோயில் குளம் என்றால் கேலி பேசுகிற ஆள். ஓடிப்போய் வீட்டிலிருந்து ஒரு பழம் கொண்டுவந்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். "நானும் காலையில ஓதிட்டுத்தான்கா எடுத்தேன்" என்றார் பாய். பழம் நசுங்கியது. பக்கத்துக் கோப்பிக் கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா வரலியா?" என்று கேட்டார் இவர். அக்காவின் மகன் அவரை வீல்சேர் டாக்சியில் கட்டி உட்காரவைத்துக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தான். அவர் வலியில் கத்துவது அந்த பிளாக் முழுக்கக் கேட்கும் என்று சொன்னார்கள். நான் அதை இவரிடம் சொல்லவில்லை.

வண்டியில் பக்கவாட்டு ஸீட் பிளாஸ்டிக்குக்குள் மொடமொடவென்று இருந்தது. நான் அதில் உட்காரப் போனேன். பாய், "அக்கா, அதுல வேணாம்னு சொல்லியிருக்காங்க" என்று தயங்கினார். ஸ்ட்ரெட்சரின் தலைமாட்டுக்குப் பின்னால், முன்பக்கத் தடுப்பை ஒட்டி, மடக்கு நாற்காலி ஒன்று போட்டிருந்தார். ஒரு சண்டை போட்டு வண்டி வாங்கியாயிற்று, இன்னொரு சண்டைக்குத் தெம்பில்லை. போய்ப் பின்னால் உட்கார்ந்தேன்.

ஏசி நன்றாகக் குளிர்ந்தது. ஒரு சத்தமில்லை. லாவெண்டர் தெருவைத் தாண்டுவதற்குள் இவர் கேட்டார். "இருக்கியா?"

"இருக்கேன்."

காலாங் பாலத்தில் மறுபடி, "இருக்கியா நீ?"

"இருக்கேன் இருக்கேன். ஓடுற வண்டியில எங்க குதிச்சுடப் போறேன்?" என்றேன். அவர் சிரிக்கிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. அவர் உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. கையை எட்டி நெற்றியில் வைத்தேன். கேலாங் போய்ச்சேரும் வரை இன்னும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார்.

மெஷின் போட்டார்கள். பாதி நேரம் நன்றாகத்தான் போயிற்று. மூச்சு லேசாகிறது என்றார். நான் வெளியே போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு திரும்பினேன். நர்ஸுகள் அவர் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒருத்தி அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். அரசாங்க ஆம்புலன்ஸ் வந்தது, அதே வேகம், அதே மாதிரி நல்ல பிள்ளைகள். ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் பார்த்தார்கள். போய்விட்டார்.

இதயம் ஏற்கனவே அடிபட்டிருந்தது, போன வாரம் தவறியதுதான் காரணமாக இருக்கும் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அதைக் கேட்க நானும் மகளும்தான் இருந்தோம். ஊர் வேறு காரணம் கண்டுபிடித்துவிட்டது.

எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்திலேயே கிடத்தினோம். வந்தவர்கள் மேசை மேசையாக உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு, மெதுவான குரலில் பேசினார்கள். எனக்குக் கேட்கிற மெதுவான குரல். "ஆடியில புது வண்டி. சொன்னா கேட்டாத்தானே." "முதல் சவாரியாம், திரும்பி வரலியாம்." "அந்தம்மா தரையில உக்காந்து அடம் பிடிச்சாங்களாம் லா." தலைவர் மாலையோடு வந்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். மகள்கூட ஒரு நாள், "கொஞ்சம் பொறுத்திருந்து வேற எங்கயாவது வண்டி பார்த்திருக்கலாமோம்மா" என்றாள். சொன்ன உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொய் சொல்ல மாட்டேன், நானும் நினைத்தேன். படுத்தால் அதுதான் நினைப்பு. நசுங்கின எலுமிச்சம்பழம் கண்ணில் வரும். டாக்டர் சொன்னது மண்டையில் இருக்கும், ஊர் சொன்னது வயிற்றில் இருக்கும். ஒரு காரியத்தை அழுது புரண்டு சாதித்து, அதுவே புருஷனுக்கு எமனாகிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டு ஒரு பொம்பிளை எப்படிச் சோறு தின்பாள்? தின்னவில்லை. குளித்தேனா என்றுகூட மகள் கேட்டுத்தான் ஞாபகம் வரும்.

கருமாதி இன்னும் ஆகவில்லை. ஒரு காலையில் பாய் என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"அக்கா, எதிர் பிளாக் அம்மாவை டாக்சியில உக்காரவைக்க முடியல. வலி தாங்கல. போன தடவை போகவே இல்ல. அவங்க மகன் அழுது, தலைவர் வண்டியைக் கொடுத்துட்டாரு. கீழ நிக்குது. ஆனா அவங்க ஏற மாட்டேங்கிறாங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை.

தீட்டு வீட்டுக்காரி வெளியே போகக் கூடாது. அதுவும் உடம்பு முடியாத ஒருத்தர் முன்னால், நல்ல காரியம் தொடங்குகிற இடத்தில், தாலி அறுத்தவள் போய் நிற்கக் கூடாது. எல்லாம் எனக்குத் தெரியும். போன தடவை போகவே இல்ல என்று பாய் சொன்னதுதான் காதில் நின்றது. செருப்பைக்கூடப் போடாமல் இறங்கினேன்.

கார்பார்க்கில் அதே வண்டி. பழுப்புத் தாள் ஒரு மூலையில் உரிந்திருந்தது. அக்காவைச் சக்கரம் வைத்த குளியலறை நாற்காலியில் சாய்த்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் ஒரு கையால் நடைபாதைத் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் ஊதியிருந்தது. அந்த ஊதல் எனக்குத் தெரியும். என் கணவரின் அதே ஆடி வெள்ளி முகம்.

"அதுல நான் ஏறல" என்றார் என்னைப் பார்த்ததும். "தம்பி போன வண்டி. ஆவணி வரட்டும்."

"ஆவணி வரைக்கும் நீங்க இருக்க மாட்டீங்கக்கா" என்றேன். அவர் மகன் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தான். இதமாகச் சொல்ல எனக்கு வராது. "அவரு வண்டியில ஏறினதால போகல. வண்டி வராததால போனாரு."

"ஊரே சொல்லுது."

"ஊரு வந்து மெஷின் போடுமா உங்களுக்கு?"

அவர் தூணை விடவில்லை. பேசிப் பிரயோசனமில்லை என்று தெரிந்தது. நான் பின்கதவு வழியாக ஏறி, ஸ்ட்ரெட்சரில் மல்லாந்து படுத்தேன். தீட்டோடு, அழுக்குச் சேலையோடு, என் கணவர் படுத்த அதே இடத்தில்.

"பாருங்கக்கா, படுத்திருக்கேன். ராசி கெட்டதுன்னா முதல்ல என்னைக் கொண்டுபோகட்டும்" என்று கத்தினேன்.

படுத்த பிறகுதான் பார்த்தேன். மேலே வெள்ளைக் கூரை, ஒரு விளக்கு. இந்தப் பக்கம் அலமாரி. அந்தப் பக்கம் பிளாஸ்டிக் சுற்றிய காலி ஸீட். தலைமாட்டு நாற்காலியைப் பார்க்கக் கழுத்தை எவ்வளவு வளைத்தும் முடியவில்லை. கழுத்து நன்றாக இருக்கிற எனக்கே முடியவில்லை. பழைய வண்டியில் ஒரு நாளும் அவர் என்னை இருக்கியா என்று கேட்டதில்லை. இதில் வழி நெடுகக் கேட்டார். நான் குதிச்சுடப் போறேனா என்று எகிறினேன்.

அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன். வெளியே அக்கா, "எழுந்திரு. எனக்கு இடம் வேணும்" என்றார்.

எழுந்தேன். அவரை ஏற்றுவதற்கு முன்னால் அந்த ஸீட்டின் பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுத்தேன். கெட்டியாக இருந்தது. பல்லால் கடித்துக் கிழித்தேன். "அக்கா, தலைவர்..." என்றார் பாய். நான்தான் கிழிச்சேன்னு சொல்லுங்க என்றேன். கிழித்ததைச் சுருட்டி வெளியே எறிந்துவிட்டு அதில் உட்கார்ந்தேன்.

வண்டி கிளம்பியது. அக்கா தலையை என் பக்கம் திருப்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். வண்டி காலாங் பாலம் தாண்டியது.

"என்னை முந்திக்கிட்டான் பாரு" என்றார் அப்புறம். நான் தலையாட்டினேன்.

"தம்பியையும் இப்படித்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனியா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இல்லக்கா" என்றேன். "அன்னைக்கு என்னைப் பின்னால உக்காரச் சொன்னாங்க."